பதினான்கு கோல்கள்

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலரில் கோல்ப் ஆட்டத்தைப் பற்றி ஒரு கட்டுரையா என்று அன்பர்கள் வியப்புறலாம். பூதிகோட்டை ஐதர் அலி பிறந்த மண். அதனை அடுத்துள்ள தங்கவயலோ நம் பாட்டன்மார் வடார்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்து நிலத்தைக் குடைந்த இடம். எழுதுதற்குரிய செய்திகள் இத்தனை இருக்க, துரைமார் பொழுதுபோக்காக ஆடிய ஓர் ஆட்டத்தின் கதை நமக்கு எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. எனினும் அந்த ஆட்டத்தில் பந்தை அடித்தவர் துரை என்றால், கோல்கள் நிறைந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் பின்னே நடந்தவன் நம் வீட்டுப் பிள்ளை. ஆகவே அந்தப் பைக்குள் என்ன இருந்தது, அஃது ஏன் அங்கே இருந்தது என்று கேட்க நமக்கும் உரிமையுண்டு.

இதை எழுத நேர்ந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் காலனிப் பிள்ளைகளுள் பலர் விடியுமுன் மாரிகுப்பம் வண்டியைப் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறவர்கள் என்பது யாவரும் அறிந்ததே. அவர்களுள் ஒரு தம்பி அங்கே ஒரு கோல்ப் மைதானத்தில் வேலை பார்க்கிறான். ஆட்டக்காரர் ஒருவர் தமக்கு வேண்டாத பழைய கோல்களையெல்லாம் ஒரு சாக்கில் போட்டு அவனுக்குக் கொடுத்துவிட்டார். அவன் அதை அப்படியே வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுத் திண்ணையில் பரப்பினான். "அண்ணே, சட்டப்படி பையில பதினாலு குச்சிக்கு மேல வைக்கக் கூடாதாம். இதுல நீளக் குச்சி மட்டும் ஏழு இருக்கு. எதை வெச்சுக்கறது, எதை விடறது?" என்று கேட்டான்.

எனக்கு அந்த ஆட்டம் ஆடத் தெரியாது. பயணச்சீட்டும் சரக்குப் பதிவும் பார்த்துப் பழகிய கைக்குக் கோல் எங்ஙனம் வசப்படும்? ஆனால் என் தாய்மாமன் சிறுவயதில் இங்கே தங்கவயல் மைதானத்தில் பை சுமந்தவர். அவர் வாயால் கேட்டதும், பின்னர் நூல்களில் தேடிப் படித்ததும் எனக்குச் சிறிது உண்டு. அதைக் கொண்டு தம்பிக்கு விடை சொல்லத் தொடங்கினேன். பேச்சு நீண்டு இக்கட்டுரை ஆயிற்று.

தங்கவயலின் வரலாற்றை நம்மவர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1873-இல் லாவெல் என்பவர் மைசூர் அரசிடம் அகழ்வுரிமை கோரினார். 1880-இல் லண்டன் ஜான் டெய்லர் குழுமத்தார் வந்தனர். 1894-இல் போரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து, தங்கவயலுக்குக் கிளை ரயில் பாதை போடப்பட்டது. 1902-இல் சிவசமுத்திரத்து மின்சாரம் நெடுந்தூரம் கம்பி வழியே இங்கு வந்து சேர்ந்தது. இவற்றோடு துரைமாரின் பங்களாக்களும், கிளப்பும், மாதா கோயில்களும், டென்னிஸ் களங்களும், கோல்ப் மைதானமும் வந்தன. குடியேறிய இடத்திலெல்லாம் ஆங்கிலேயர் இந்த ஆட்டத்தையும் கூடவே கொண்டு சென்றனர். கல்கத்தாவில் 1829-லேயே கோல்ப் கிளப் தோன்றிவிட்டது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே அதுவே மிகப் பழையது. பெங்களூரில் 1876-இலும், கொடைக்கானலில் 1895-இலும் கிளப்புகள் எழுந்தன. சென்னையிலோ கிண்டிக் குதிரைப் பந்தய மைதானத்தின் நடுவிலேயே பந்தை உருட்டினார்கள். கொழும்பு மைதானத்தைக் கிழித்துக்கொண்டு களனிப் பள்ளத்தாக்கு ரயில் ஓடுகிறது. வண்டி வரும்போது ஆட்டம் நிற்க வேண்டும்; வண்டி நிற்காது. ரயில்வேக்காரனாகிய எனக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தருவது.

'கோல்ப்' என்னும் பெயரிலேயே நம் கோல் இருக்கிறதே என்று ஓர் அன்பர் என்னிடம் குதூகலத்துடன் சொன்னார். சொல்லாராய்ச்சியாளர் சினங்கொள்ள வேண்டா. அது வெறும் ஒலி ஒற்றுமையே. ஆயினும் சொல் கைக்கு வசதியாக இருப்பதால் இக்கட்டுரையில் கோல் என்றே எழுதுகிறேன். இன்னொரு சொல் அவ்வளவு நல்வாய்ப்புடையதாக அமையவில்லை. பை சுமப்பவனை ஆங்கிலத்தில் 'கேடி' என்பார்கள். போலீசார் பதிவேட்டில் உள்ள கேடியைத்தான் நம்மவர் அறிவர். "இன்று முதல் நான் துரைக்குக் கேடி" என்று என் மாமா வீட்டில் வந்து சொன்னபோது, என் பாட்டி விளக்குமாற்றை எடுத்துவிட்டாராம்.

இனி ஆட்டத்துக்கு வருவோம். தொடக்க இடத்திலிருந்து ஏறத்தாழ 400 கஜத்துக்கு அப்பால் ஒரு சிறு குழி. அதில் பந்தை மிகக் குறைந்த அடிகளில் விழச் செய்ய வேண்டும். முதல் அடிக்குப் பந்தை ஒரு சிறு முளையின்மேல் ஏற்றி வைத்துக்கொள்ளலாம். எனவே அந்த அடி எளிது. இறுதியில் குழியருகே பந்தை மெல்ல உருட்டுவதற்கும் தனிக் கோல் உண்டு. இடர் எல்லாம் இரண்டாம் அடியில்தான். பந்து இப்போது தரையில் கிடக்கிறது. புல்மேல் கிடக்கலாம், பள்ளத்தில் கிடக்கலாம், கல்லை ஒட்டியும் கிடக்கலாம். குழியோ இன்னும் 200 கஜத்துக்கு அப்பால். தரையில் கிடக்கும் பந்தை முளையின் உதவியின்றி அவ்வளவு தூரம் பறக்கவிட எந்தக் கோல்? இந்த ஒரு கேள்விக்கு விடை தேடியே இருநூறு ஆண்டுகளாகக் கோல்கள் மாறி வந்திருக்கின்றன. தம்பி கேட்டதும் இதே கேள்விதான்.

பழைய ஸ்காட்லாந்துக்காரர்கள் இதற்கு ஒரு குடும்பத்தையே வைத்திருந்தார்கள். நீண்ட ஸ்பூன், நடு ஸ்பூன், குட்டை ஸ்பூன், கடைசியில் பாஃபி. தலையின் முகம் கரண்டி போலச் சற்றே குழிந்து மேல் நோக்கியிருந்தமையால் ஸ்பூன் எனப் பெயர் வந்தது. தலை பீச் மரத்தாலோ ஆப்பிள், பேரி போன்ற பழமரங்களாலோ ஆனது. பின்புறம் ஈயத்தை உருக்கி ஊற்றி எடை சேர்த்தார்கள். கீழ் விளிம்பு சிதையாதிருக்க ஆட்டுக்கொம்புத் துண்டைப் பதித்தார்கள். பை என்பதே அப்போது இல்லை. ஏழெட்டுக் கோல்களையும் சுமப்பவன் கட்டாக அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தான். இதை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன். அக்குளில் இடுக்கிய காலத்தில் அக்குளின் அளவே சட்டமாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பை வந்த பிறகுதான் கோல்களின் எண்ணிக்கை வளரத் தொடங்கிற்று.

பந்து மாறியதும் கோல் மாறியது. இறகுகளைத் தோலில் திணித்துத் தைத்த பழைய பந்துக்குப் பதிலாக, 1848 அளவில் மலாய்க் காட்டு மரத்தின் பாலிலிருந்து செய்த கட்டாபெர்ச்சாப் பந்து வந்தது. கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாக அமைந்ததும் அதே கட்டாபெர்ச்சாதான். பந்து மலிந்தது, ஆனால் கல் போல் கடினமாயிருந்ததால் மெல்லிய மரத்தலைகள் பிளந்தன. தலைகள் குட்டையாகவும் தடிப்பாகவும் ஆயின. கல்லும் பாதையும் உள்ள இடங்களில் அடிக்கும்போது அடிப்புறம் தேயாதிருக்கப் பித்தளைத் தகடு அறைந்தார்கள். பித்தளைக்கு ஆங்கிலத்தில் 'பிராஸ்' ஆதலின், அந்தக் கோல் பிராஸி ஆயிற்று. இதன் பெயரையும் மறவாதிருங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அடுத்து வந்தது ரப்பர். அமெரிக்காவில் ஆக்ரன் நகரில் ஹாஸ்கல் என்பவர், ரப்பர் நூலை இழுத்துச் சுற்றி உருண்டையாக்கி மேலுறை போட்ட பந்துக்கு 1899-இல் காப்புரிமை பெற்றார். 1902-இல் இங்கிலாந்தின் ஹாய்லேக் மைதானத்தில் நடந்த ஓப்பன் போட்டியில் சாண்டி ஹெர்ட் அப்பந்தைக் கொண்டு வென்றதும், பழைய பந்தின் காலம் முடிந்தது. தொடக்கத்தில் ரப்பர் பிரேசில் காடுகளிலிருந்து வந்தது. சில ஆண்டுகளிலேயே மலாய் நாட்டுத் தோட்ட ரப்பர் அதனை விஞ்சிவிட்டது. அத்தோட்டங்களில் விடியற்காலையில் பால் வெட்டியவர்கள் யாவர்? நம் சோதரரே. தஞ்சையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வடார்க்காட்டிலிருந்தும் கப்பலேறிய தமிழர் அங்கே பால் இறக்கினர். அவ்வழி வந்த பந்தை இங்கே தங்கவயலில் மற்றொரு தமிழன் புதரில் தேடி எடுத்துக் கொடுத்தான். இருவரும் ஒருவரையொருவர் அறியார்.

ரப்பர் பந்து மென்மையாகப் பட்டமையால் மரத்தலைக்கு மீண்டும் வாழ்வு கிடைத்தது. அமெரிக்கப் பெர்சிமன் மரம் அதற்கு உகந்ததாயிற்று. பெர்சிமன் யாதோ அயல்மரம் என எண்ண வேண்டா. நம் கருங்காலிக்கும், பீடி சுற்ற இலை தரும் மரத்துக்கும் அது நெருங்கிய உறவு. மூன்றும் ஒரே இனம் என்று தாவர நூலார் கூறுவர். கைப்பிடித் தண்டு ஹிக்கரி மரத்தால் ஆனது. ஹிக்கரித் தண்டு ஒன்றைப் போல் ஒன்று இராது. ஒன்று வளையும், ஒன்று முறுகும். ஆட்டக்காரர் தமக்கு இசைந்த சிலவற்றைத் தேடிப் பொறுக்கி, அவற்றைக் கொண்டே முழு அடி, முக்கால் அடி, அரை அடி என்று பலவிதமாக அடித்தார்கள். 1916-இல் அமெரிக்க ஓப்பன் பட்டத்தைச் சிக் எவன்ஸ் என்பவர் ஏழே கோல்களுடன் வென்றார். வென்றது மட்டுமன்று, அப்போட்டியில் அதுவரை எவரும் எடுத்திராத குறைந்த கணக்கில் முடித்தார்.

எஃகுத் தண்டு வந்ததும் இந்நிலை தலைகீழாயிற்று. அமெரிக்கர் முன்னரே ஏற்றுக்கொண்ட எஃகுத் தண்டைச் செயின்ட் ஆண்ட்ரூஸ் சட்டமன்றத்தார் 1929-இல் ஏற்றனர். தொழிற்சாலையில் ஒரே அச்சில் வார்த்தாற்போல் கோல்கள் வெளிவந்தன. பிராஸி, ஸ்பூன் என்ற பெயர்கள் போய் இரண்டு, மூன்று, நான்கு என்று எண்கள் வந்தன. பெயர் இருந்தவரை ஆட்டக்காரர் நான்கைந்து போதும் என்றிருந்தார். எண் வந்ததும், இரண்டு இருக்கிறது மூன்று எங்கே, மூன்று இருக்கிறது மூன்றரை எங்கே என்று கடைக்காரன் கேட்கலானான். ஒவ்வொரு பத்துக் கஜத்துக்கும் ஒரு கோல்! 1930-களில் அமெரிக்க வீரர் லாசன் லிட்டில் இருபதுக்கும் மேற்பட்ட கோல்களைப் பையில் வைத்து ஆடினார். அவர் ஆடினார், சுமந்தவர் வேறு.

இந்தக் கூத்துக்கு ஒரு முடிவு வேண்டும் என்று அமெரிக்கக் கோல்ப் சங்கத்தார் 1938-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தொட்டுப் பதினான்கே கோல் என விதித்தனர். மறு ஆண்டு செயின்ட் ஆண்ட்ரூஸும் அவ்வாறே விதித்தது. ஆட்டக்காரரின் திறமை மங்கி, திறமையைக் கடையில் வாங்கும் நிலை வந்துவிட்டது என்பது முதற்காரணமாகச் சொல்லப்பட்டது. சுமப்பவரின் பாரமும் காரணங்களுள் ஒன்றாகச் சொல்லப்பட்டது. ஒன்றாகத்தான், முதலாவதாக அன்று. ஆயினும் ஓர் ஆட்டத்தின் சட்டப் புத்தகத்தில் சுமப்பவன் தோளுக்கும் ஒரு மூலையில் இடம் கிடைத்ததே என்பதில் எனக்கு ஓர் ஆறுதல்.

எண்ணிக்கைக்கு வரம்பு வந்தபின் எதை விடுவது என்ற கேள்வி பிறந்தது. அதற்கு முன்னரே எதை எடுப்பது என்ற கேள்வியின் மிகப் புகழ்பெற்ற விடை 1935-இல் அமெரிக்காவின் அகஸ்டா நகரில் கிடைத்துவிட்டது. ஜீன் சாரசன் என்ற வீரர் இறுதிச் சுற்றில் மூன்று அடி பின்தங்கியிருந்தார். பதினைந்தாம் குழிக்கு இன்னும் 235 கஜம். இடையில் ஒரு குளம். மூன்றாம் எண் மரக்கோலை எடுத்தால் தூரம் கிடைக்கும். ஆனால் பந்து தரையோடு தரையாகக் கிடந்தது. மூன்றாம் எண்ணின் நிமிர்ந்த முகம் அதைத் தூக்காது என்று அவருக்குத் தோன்றிற்று. கூட வந்த பை சுமப்பவரோடு கலந்து பேசி, நான்காம் எண்ணை எடுத்தார். பந்து குளத்தைத் தாண்டி விழுந்து உருண்டு குழிக்குள்ளேயே போய்விட்டது. ஐந்தடிக் குழியில் இரண்டாம் அடியிலேயே முடிவு! ஒரே அடியில் மூன்றடிப் பின்னடைவும் நீங்கிற்று. மறுநாள் நடந்த மறு ஆட்டத்தில் அவரே வென்றார். தூரம் கூடிய கோலை விட்டுத் தூக்கும் கோலை எடுத்த அந்தத் தெரிவுதான் அதன்பின் நாற்பதாண்டு கழித்து எல்லோர்க்கும் வழியாயிற்று. 1976-இல் அதே அகஸ்டாவில் ரேமண்ட் பிளாய்ட் என்பவர், நீண்ட இரும்புக்கோலுக்குப் பதிலாக ஐந்தாம் எண் மரக்கோலைப் பையில் வைத்துவந்து, எட்டடி வேறுபாட்டில் வென்றார். இரும்பால் அடித்த பந்து தாழ்ந்து பறந்து விழுந்த இடத்திலிருந்து ஓடிவிடும்; மரக்கோலால் அடித்ததோ உயர்ந்து பறந்து மெல்ல இறங்கிற்று.

'மரக்கோல்' என்பதும் விரைவில் பெயரளவில்தான் நின்றது. 1979-இல் கேரி ஆடம்ஸ் என்பவர் எஃகை வார்த்து உள்ளே வெற்றிடமாக ஒரு தலை செய்து விற்றார். பெர்சிமன் மறைந்தது. இன்று மரக்கோல் என்பது இரும்பு. ஆயினும் பெயர் மரம். நம் ஊரில் வெள்ளி டம்ளர் என்று எவர்சில்வரைச் சொல்வது போலத்தான்.

கடைசியாக வந்தது ஹைப்ரிட். 2000-ஆம் ஆண்டையொட்டி இது பெருவழக்காயிற்று. மரக்கோலின் உடலையும் இரும்புக்கோலின் நீளத்தையும் சேர்த்துச் செய்த கலப்புப் பிறவி. இதன் சூட்சுமம் இரண்டே. முதலாவது, தலையின் எடை கீழேயும் பின்னேயும் வைக்கப்பட்டிருப்பதால் பந்து எளிதில் மேலெழும். நீண்ட இரும்புக்கோலில் எடை முகத்தையொட்டி மெல்லிய தகடாக இருப்பதால், பந்தின் நடுவில் சரியாகப் படாவிட்டால் கை அதிரும், பந்து சறுக்கும். இரண்டாவது, தண்டின் நீளம். மூன்றாம் எண் மரக்கோல் ஏறத்தாழ 43 அங்குலம். ஹைப்ரிட் 40, 41 அங்குலம். இரண்டு மூன்று அங்குலக் குறைவு என்பது அற்பமாகத் தோன்றும். ஆனால் கைக்கும் பந்துக்கும் இடையே தூரம் குறையக் குறைய குறி தவறுவது குறையும். சுத்தியலைத் தலைக்கருகே பிடித்து ஆணி அறைந்து பார்த்தவர்க்கு இது விளங்கும். 2009-இல் கொரியாவைச் சேர்ந்த யாங் என்பவர், உலக முதல்வராயிருந்த டைகர் உட்ஸை அமெரிக்கப் பெரும் போட்டி ஒன்றின் கடைசிக் குழியில் தோற்கடித்தார். 200 கஜத்துக்கு மேற்பட்ட தொலைவிலிருந்து, மரத்தை ஒட்டி, ஹைப்ரிட் கோலால் அடித்த அடியே அதனை முடித்துவைத்தது.

நிற்க. தம்பியின் சாக்குக்கு வருவோம். அதில் இருந்த நீளக் கோல்கள் ஏழு: மரத்தலை கொண்ட பழைய இரண்டாம் எண் ஒன்று, எஃகுத் தலையுடைய மூன்று, ஐந்து, ஏழாம் எண்கள், 19 பாகைச் சாய்வும் 22 பாகைச் சாய்வும் உள்ள ஹைப்ரிட்கள் இரண்டு, இரண்டாம் எண் இரும்புக்கோல் ஒன்று. முதலடிக் கோல், குழியருகே உருட்டும் கோல், ஐந்து முதல் ஒன்பது வரை இரும்புகள், குட்டைக் கோல்கள் மூன்று ஆகப் பத்து இடம் போய்விட்டது. மிச்சம் நான்கு.

முதலில் இரண்டாம் எண் இரும்பை விட்டுவிடு என்றேன். பெரிய வீரர்களே அதைக் கைவிட்டு வருகிறார்கள். பின்பு, ஒரே தூரம் போகும் கோல்கள் எவையென்று பார்க்கச் சொன்னேன். ஐந்தாம் எண் மரக்கோலின் முகச் சாய்வு ஏறத்தாழ 18 பாகை. ஹைப்ரிட் ஒன்றுக்கு 19. ஏழாம் எண்ணுக்கு 21. மற்ற ஹைப்ரிட்டுக்கு 22. தண்டு நீளம் வேறுபடுவதால் மரக்கோல் சிறிது கூடுதலாகப் போகும் என்பது மெய்யே. ஆயினும் புதிதாகப் பழகுபவன் கையில் இரண்டும் ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் விழும். ஒரே இடத்துக்குப் போகும் இரண்டு வண்டிக்கும் சீட்டு வாங்குவார் உண்டோ? எனவே ஒவ்வோர் இணையிலும் ஒன்றே போதும்.

எந்த ஒன்று என்பது தரையைப் பொறுத்தது. இதைத்தான் விளம்பரங்கள் சொல்வதில்லை. மழை மிகுந்த நாட்டில் புல் மெத்தைபோல் தடித்திருக்கும். பந்து அதன்மேல் மிதந்து நிற்கும். அகலமான மரக்கோல் வழுக்கிச் செல்லும். நம் பக்கத்து நிலமோ கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 2,800 அடி உயரத்தில் காய்ந்து கிடக்கும் செம்மண். பாறைமேல் மெல்லிய மண், மண்மேல் மெல்லிய புல். கோடையில் அகன்ற அடிப்புறம் இத்தரையில் மோதினால் கோல் எழும்பிப் பந்தின் தலையில் படும். பந்து பத்துக் கஜம் உருளும். இப்படிப்பட்ட இடத்தில் அடிப்புறம் குறுகிய ஹைப்ரிட்டே தக்கது. மறுபுறம், கெட்டித் தரையில் பந்து விழுந்தபின் நில்லாது ஓடுமாதலால், உயரப் பறந்து மெல்ல விழும் மரக்கோலுக்கும் ஓர் இடம் உண்டு. ஆகவே ஐந்தாம் எண் மரக்கோல் ஒன்று, 22 பாகை ஹைப்ரிட் ஒன்று என்று பிரித்தேன். மூன்றாம் எண்ணை, முளைமேல் வைத்து அடிப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னேன். நேர்மை வேண்டிய குறுகிய இடங்களில் முதலடிக் கோலுக்கு மாற்றாக அஃது உதவும்.

"மூணுதானே ஆச்சு, நாலாவது?" என்றான்.

நான்காம் இடம் காலியாக இருக்கட்டும் என்றேன். பதினான்கு என்பது மேல்வரம்பு; அத்தனையும் சுமந்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் கூறவில்லை. உன் பையை நீயே சுமக்கப் போகிறாய் என்றேன். அவன் சிரித்தான்.

இவையெல்லாம் ஏட்டுக் கணக்கு. ஒவ்வொரு கோலாலும் பத்துப் பந்து அடித்து, விழுந்த இடம் வரை காலடியால் அளந்து பார்த்தாலன்றி முடிவு கூற இயலாது. இந்த முறையை எனக்குச் சொன்னவர் என் மாமா. பை சுமந்த சிறுவர்களிடம் அளவுகோல் இல்லை, கால் இருந்தது. எந்தத் துரைக்கு எந்தக் கோலில் எத்தனை காலடி என்பதை அவர்கள் மனத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். காற்று எந்தப் பக்கம், நேற்றைய தூறலில் எந்த மேடு இளகியிருக்கிறது, எந்த இடத்தில் புல்லுக்கடியில் கல் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துபடி. துரை கையை நீட்டுமுன் கோல் கைக்கு வந்துவிடும். சரியான அடி விழுந்தால் துரையின் திறமை. தவறினால் என்ன சொல்வார்கள் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். அப்படிப்பட்ட அறிவு எந்தக் கிளப்பின் ஏட்டிலும் ஏறுவதில்லை. வெற்றிக் கோப்பையில் பொறிப்பதும் இல்லை. அவர்களுள் பலர் பதினாறு பதினேழு வயதானதும் பையை இறக்கிவைத்துவிட்டுச் சுரங்கத்துக்குள் இறங்கினார்கள். பூமிக்கடியில் பத்தாயிரம் அடிக்கும் கீழே காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

பிற்காலத்தில் நிலை சிறிது மாறிற்று. 1991-இல் இந்திய ஓப்பன் பட்டத்தை வென்ற அலி ஷேர் டில்லியில் பை சுமந்தவர். 2009-இல் அதே பட்டத்தை வென்ற முனியப்பா பெங்களூரில் பை சுமந்தவர். சுமந்தவனே அடிக்கவும் செய்தால் எப்படியிருக்கும் என்பதை நாடு கண்டுகொண்டது. பெங்களூரிலிருந்து நம் மாரிகுப்பத்துக்குத் தொலைவு அதிகமில்லை. ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தைக் கடக்க நம் பிள்ளைகளுக்கு எத்தனை ஆண்டுகள் ஆயின! சுரங்கம் 1956-இல் மைசூர் அரசுக்கும் 1962-இல் மத்திய அரசுக்கும் கைமாறி, 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டது. அதற்குப் பிறகு விடியற்கால வண்டியே நம் பிழைப்பாயிற்று. அந்த வண்டியில் ஒரு கோல்ப் சாக்கும் ஏறி வந்ததில் எனக்கு வியப்பில்லை.

அன்று மாலை தம்பியை அழைத்துக்கொண்டு மாமாவைக் காணச் சென்றேன். எண்பத்தைந்தை எட்டிக்கொண்டிருப்பவர், சுரங்கத் தூசியால் மூச்சு வாங்கும், கண் பார்வையும் மங்கல். சாக்கைக் கட்டிலருகே வைத்தோம். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். ஹைப்ரிட்டை எடுத்து, "இது என்ன, கரண்டிக்கும் கத்திக்கும் பிறந்ததா?" என்று கேட்டுவிட்டு வைத்தார். மரத்தலை கொண்ட இரண்டாம் எண்ணைத் தொட்டதும் கை நின்றது. அடிப்புறத்தைத் தடவிப் பித்தளைத் தகட்டைக் கண்டுகொண்டார்.

"பிராஸி" என்றார்.

தம்பி அருகே குனிந்தான். "தாத்தா, இதை வெச்சுக்கலாமா, விட்டுடலாமா?"

மாமா அதைக் கையில் ஏந்தி எடை பார்த்தார். அந்த நாள் எந்தத் துரையின் பையிலும் இது கட்டாயம் இருக்கும் என்றார். பையின் மற்றக் கோல்களைவிட உயரமாக நீட்டிக்கொண்டு காதோரம் இடித்துக்கொண்டே வருமாம். மழைக்காலத்தில் எப்போதாவது கேட்பார்கள். மாசியிலிருந்து ஆனி வரை தரை காய்ந்து கிடக்கும்போது எவரும் கேட்டதில்லை. அந்தத் தரையில் அதனால் அடிக்க முடியாது என்பது அவர்களுக்கும் தெரியும், பையனுக்கும் தெரியும்.

"ஏழு வருசம் சுமந்தேன்" என்றார் மாமா. "வெயில் காலத்துல ஒரு தடவைகூட வெளிய எடுக்கல. நானும் ஒரு நாள்கூட அதை வீட்ல வெச்சுட்டு வரலாமானு கேக்கல."

கோலைத் தம்பியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, சுவர்ப்பக்கம் சாய்ந்துகொண்டார்.